நாலாயிரத்து எழுநூற்று எழுபத்து மூன்று பேர்

அக்குறணை வாசிகசாலையில் அன்று அறுபத்து நான்கு கதிரைகள் போட்டிருந்தார்கள். மூன்றுக்குக் கால் ஆடும். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து உட்கார உட்கார, யார் அந்த மூன்றில் உட்காரப் போகிறார்களோ என்ற கவலையில் என் குறிப்புத் தாள்களை இரண்டு தடவை தவறாக அடுக்கினேன்.

கவலைக்கு வேறு காரணமும் இருந்தது. ஊர்ப் பாடசாலையில் நான்கு வருடங்களாக நான் தற்காலிக ஆசிரியன். நிரந்தர நியமனக் கடிதம் பாடசாலை மனேஜரான புடைவைக்கடை ஹாஜியாரின் கோட்டுப் பையில் இருந்தது. என் பேச்சு முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அதைத் தருவதாக ஏற்பாடு.

பேச்சின் தலைப்பை அவரே வைத்திருந்தார்: கொன்ஸ்தாந்திநோபிள் வெற்றி, துருக்கியர் அந்த நகரத்தைப் பிடித்த கதை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்த கூட்டம் இது. கலீபா பதவி ஒழிந்துவிட்டது. துருக்கித் தொப்பியைத் துருக்கியிலேயே தடை செய்துவிட்டார்கள். எங்கள் ஊர் இரண்டையும் ஏற்றுக்கொள்ளவில்லை. குஞ்சம் தொங்கும் சிவப்புத் தொப்பி இல்லாமல் மதிப்புள்ள எவரும் கூட்டத்துக்கு வரமாட்டார். அன்று ஐம்பத்தெட்டுத் தொப்பிகள். என்னுடையதோடு ஐம்பத்தொன்பது.

அந்தப் பேச்சுக்காக ஏழு சனிக்கிழமைகள் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், நூலகத்தில் ஆங்கிலச் சரித்திரங்களைப் படித்திருந்தேன். படிக்கப் படிக்க, மதிலுக்கு வெளியே நின்ற துருக்கிச் சுல்தானைவிட உள்ளே நின்றவர்களே என் மனதில் பதிந்தார்கள். ஆயிரம் வருடங்களுக்கு மேல் நிலைத்த, நாங்கள் ரூம் என்று சொல்லும் கிழக்கு ரோம ராச்சியம், கடைசியில் ஏறக்குறைய ஒரு நகரமாகச் சுருங்கிவிட்டது. ஆயுதம் தூக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்கிறான் கடைசி அரசன். நாலாயிரத்து எழுநூற்று எழுபத்து மூன்று கிரேக்கர். வெளிநாட்டார் இருநூறு பேரளவில். இந்தத் தொகையை யாரிடமும் சொல்லாதே என்று எண்ணியவனிடம் சொல்லிவிட்டு, மதிலுக்குப் போகிறான்.

என் பேச்சு அந்த இடத்துக்கு வந்தபோதுதான் ஹாஜியார் எழுந்தார்.

"மாஸ்டர், தலையில துருக்கித் தொப்பி, வாயில ரூம் ராசாட புகழ். ரெண்டும் சேந்து ஈக்க ஏலா. தொப்பியக் கழட்டுங்க, இல்லாட்டிக் கதைய மாத்துங்க."

"கழட்டினா மாஸ்டர்ட வழுக்க தெரியும் ஹாஜியார்" என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரித்தார்கள். எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. வழுக்கை உண்மைதான்.

ஹாஜியாரின் கை கோட்டுப் பையின் மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"குர்ஆன்ல ரூம் எண்டு ஒரு சூரா ஈக்கி ஹாஜியார். அவங்க பாரசீகரிட்டத் தோத்தப்ப நபிட காலத்து நம்மட ஆக்கள் கவலப்பட்டாங்க. அத ஓதக்குள்ள நீங்க தொப்பியக் கழட்டுறீங்களா?"

ஹாஜியார் வெளியே போனார். கதிரைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன. மிஞ்சியவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவர் ஆடும் கதிரையில் இருந்தவர். விழுந்துவிடுவோம் என்று பயந்தே எழும்பாமல் இருந்தார் போலும். அவரையும் சேர்த்தே எண்ணுகிறேன். அந்தப் பதினொரு பேருக்கு, ஐம்பத்து மூன்று நாட்கள் மதில் தாங்கியதையும், கடைசிக் காலையில் அரசன் தன் அரச அடையாளங்களைக் களைந்துவிட்டுச் சாதாரணச் சிப்பாயாகச் சண்டைக்குள் போய் மறைந்ததாகச் சொல்லப்படுவதையும் ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தேன். தொப்பியைக் கழட்டவில்லை.

மறுநாள் பாடசாலைக்கு ஹாஜியாரின் கணக்கப்பிள்ளை வந்தார். பேசியது பிழை என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். கடிதம் பின்னேரமே கைக்கு வந்துவிடுமாம். அவர் நல்ல மனிதர். "எழுதிக் குடுங்க மாஸ்டர், செத்துப்போன ராசா கோவிக்கவா போறார்" என்றார்.

தாள் வாங்கினேன். பேனா மையைக் கக்கியதால் இன்னொரு தாள் வாங்கினேன். இரண்டு வரிதான் எழுதினேன்.

"மதிலுக்குள் இருந்த கிரேக்கர் நாலாயிரத்து எழுநூற்று எழுபத்து மூன்று பேர். அதை மறைக்கும் தேவை அரசனுக்கு இருந்தது, எனக்கு இல்லை."

கணக்கப்பிள்ளை அதை வாசித்தார், மடித்தார், கொண்டுபோனார். நியமனக் கடிதம் வரவில்லை. அந்த மாத முடிவில் அக்குறணையிலிருந்து கண்டிக்கு வேலை தேடி நடந்தே போனேன். வழியில் ஆறு மைல்கல். தலையில் அதே தொப்பி.