இடது காலை இழுத்து நடந்தவள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகள் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அரசு வேலை பார்த்தவன் நான். அரை கிராம் பிசகினாலும் விட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடும் அளவு நாடாவும் வைத்திருக்கிறேன். இதில் வரும் நேரங்களெல்லாம் அந்தக் குறிப்பேட்டில் உள்ளவை. பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இது பட்டப்பகலில் நடந்தது.

என் ஒரே மகளுக்கு அறுவை சிகிச்சை செய்து குழந்தை பிறந்திருந்தது. தனியார் மருத்துவமனை. இரண்டாம் மாடியில், நீண்ட நடைக்கூடத்தின் கடைசி அறை. சேர்த்த அன்றே டாக்டரம்மா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் முடிந்து கடைசியாக ஒன்று கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கா? சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?"

என் பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றிருந்தார். மாப்பிள்ளையின் தாயார். ஒரு சொல் காதில் விழுந்தால் பத்து வருடத்துக்கு மறக்காதவர்.

"இல்லை" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. இருந்தா முன்னாடியே ஊசி போடணும். ஆபரேஷன் ஆனவங்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையும். காலுக்குள்ள ஆழத்துல ஓடற குழாய்ல கட்டி உக்காந்துக்கும். அது அங்கிருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போச்சுன்னா, அப்புறம் நம்ம கையில இல்ல."

"எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் கிடையாது டாக்டர்."

"சம்பந்தி வீட்ல எல்லாரும் இரும்பு" என்றார் சம்பந்தியம்மா. "தும்மினாக்கூட நேரம் பார்த்துத்தான் தும்முவாங்க."

டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் சொன்னது பொய்.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். இருபத்தாறு வயதில், முதல் பிரசவம் ஆகிப் பதினோராம் நாள் இறந்தாள். காரணம் கால்தான். ரத்தத்திலேயே குறை இருக்கலாம், குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரலாம் என்று அன்றைய மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தத் தாளை எங்கள் கண்ணெதிரே கிழித்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னோம். ரத்தத்தில் குறை என்று ஒரு பேச்சு வெளியே போனால் இந்த வீட்டுப் பெண்களை எவன் கட்டுவான்? அப்பா கேட்டது நியாயம் என்றுதான் அன்று நினைத்தேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அறுவை முடிந்த மறுநாளே மகளை நடக்கச் சொன்னார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நைட்டியோடு, போகிறவர் வருகிறவர் பார்க்க நடைக்கூடத்தில் அவள் நடப்பதா? நான் தடுத்தேன்.

"வீட்டுக்குப் போய் நடப்பா" என்றேன்.

"இங்க எல்லாரும் இப்படித்தான்யா நடக்கறாங்க" என்றார் நர்ஸ். "யாரும் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கறதில்ல."

"என் பொண்ணு நடக்க மாட்டா."

மகள் என் பேச்சைத் தட்டாதவள். நான்கு நாட்களும் படுத்தே இருந்தாள்.

நான்காம் நாள். மதியம் 2 மணி 10 நிமிடம்.

குழந்தைக்கு ஏதோ பரிசோதனை என்று சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் அதைத் தூக்கிக்கொண்டு கீழே போனார்கள். இரண்டிலிருந்து நான்கு மணிவரை பார்வையாளர்களை விடமாட்டார்கள். மாடியே ஓய்ந்திருந்தது.

"அப்பா, இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது" என்றாள் மகள்.

"படுத்தே இருக்கல்ல. மரத்துப் போயிருக்கும். தூங்கு."

தூங்கிவிட்டாள். நான் கட்டிலருகே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நான் கண் அயரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

2 மணி 25.

வெளியே யாரோ நடக்கும் சத்தம்.

டக்... சர்ர்ர்... டக்... சர்ர்ர்...

ஒரு கால் ஊன்றுகிறது. ஒரு கால் தரையோடு இழுபடுகிறது. யாரோ ஒரு நோயாளிப் பெண், டாக்டர் சொன்னபடி நடந்து பழகுகிறாள் என்று நினைத்தேன். பழக்க தோஷம், எண்ணத் தொடங்கினேன். படிக்கட்டுப் பக்கமிருந்து எங்கள் கதவுவரை இருபத்திரண்டு அடி. திரும்பிப் போக இருபத்திரண்டு.

மறுபடி வந்தாள். இருபத்திரண்டு. திரும்பியபோது பதினெட்டில் நின்று, அங்கிருந்தே மறுபடி வந்தாள்.

அடுத்த முறை பன்னிரண்டிலேயே திரும்பினாள்.

பிறகு ஏழு.

பிறகு மூன்று.

ஒவ்வொரு முறையும் எங்கள் கதவைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினாள். தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இப்போது அவள் கதவுக்கு வெளியிலேயே மூன்றடிக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள்.

டக்... சர்ர்ர்...

நின்றது.

2 மணி 41.

கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் வெளிச்சம் மறைந்தது. யாரோ கதவோடு ஒட்டி நிற்கிறார்கள்.

"யாரு?" என்றேன்.

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மாடியேறி வந்தவர்களுக்கு வாங்குமே, அப்படி அல்ல. இழுத்த மூச்சு உள்ளே போகாமல், மறுபடி இழுத்து, மறுபடி இழுத்து...

அந்த மூச்சை நான் முன்பு ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

நடைக்கூடம் முழுதும் அப்போதுதான் துடைத்திருந்தார்கள். ஈரத் தரை பளபளவென்று கிடந்தது. அதில் ஒரு வலது பாதத்தின் தடம். அதன் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு. மறுபடி வலது பாதம். மறுபடி கோடு. எங்கள் கதவுவரை வந்திருந்தது.

அத்தனை முறை போய் வந்தும், திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

கடைசிப் பாதத்தின் விரல்கள்... அறைக்கு உள்ளே இருந்தன.

நான் மெல்லத் திரும்பினேன்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்துவரை போர்த்தியிருந்த போர்வை, இடது காலுக்கு மேல் மட்டும் விலகியிருந்தது. காற்றில் விலகியதல்ல. முழங்காலுக்கு மேலே, மடிப்புக் கலையாமல், அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கிட்டப் போனேன். கெண்டைக்காலைத் தொட்டேன். கொதித்தது. தோல் வீங்கிப் பளபளத்தது.

நாடாவை எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு அளந்தேன். வலது கால் முப்பத்திரண்டரை சென்டிமீட்டர். இடது கால் முப்பத்தாறரை.

மறுபடி அளந்தேன். அதேதான்.

2 மணி 50.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தெரிகிறது. ஆனால் சொன்னால் முதல் நாள் சொன்ன பொய் வெளியே வரும். சம்பந்தியம்மாவின் முகம் கண்முன் வந்தது. சும்மா பிடிப்பாக இருக்கும், உருவி விட்டால் இறங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலமாரியில் தைலம் இருந்தது. உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு குனிந்தேன்.

கை காலைத் தொடவில்லை.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள்.

சூடான கை. காய்ச்சல்காரர்களின் கைபோல வேர்த்திருந்தது. விரல் விரலாக என்னால் எண்ண முடிந்தது.

ஆனால் அங்கே யாரும் இல்லை...

இழுத்தேன். விடவில்லை.

என் காதருகே அந்த மூச்சு.

அப்போது மகள் பேசினாள். கண்கள் மூடியே இருந்தன. குரல் அவளுடையது அல்ல.

"ஆபீசர் அண்ணா... இன்னொரு தடவை உருவப் போறியா?"

சிறு வயதிலிருந்தே நான் விறைப்பாக நடப்பதைக் கேலி செய்து ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிடுவாள். அவள் போன பிறகு யாரும் கூப்பிட்டதில்லை.

மணிக்கட்டு விடுபட்டது.

அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று குறிப்பேட்டில் இல்லை. நடைக்கூடத்தின் நடுவில் நர்ஸ்களின் மேசை, அதில் கையை ஊன்றி நின்றேன். அதே நேரம் லிப்ட் திறந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சம்பந்தியம்மா வந்தார். பின்னால் மாப்பிள்ளை.

"என்ன சம்பந்தி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார்.

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். 3 மணி 2.

நர்ஸைப் பார்த்துத்தான் பேசினேன். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"என் பொண்ணுக்கு இடது கால் வீங்கியிருக்கு. நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். கொதிக்குது. அன்னைக்கு டாக்டர் கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. குழந்தை பிறந்து பதினோராம் நாள் இதே மாதிரி கால் வீங்குச்சு. எண்ணெய் போட்டு உருவி விட்டோம். உருவிட்டு இருக்கும்போதே எழுந்து உக்காந்து, மூச்சு விட முடியலன்னா. அவ்வளவுதான். உருவினது நான்."

நர்ஸ் தன் கைபேசியில் டாக்டரம்மாவை அழைத்தார். இன்னொரு நர்ஸும் மாப்பிள்ளையும் அறைக்கு ஓடினார்கள். என்னை அங்கேயே நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

சம்பந்தியம்மா அசையவில்லை.

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருந்தாலும் கட்டியிருப்போம் சம்பந்தி" என்றார். சத்தம் போடவில்லை. "இன்னைக்கு என் பேரனுக்கு அம்மா இல்லாம ஆக்கப் பார்த்தீங்களே."

நான் தலை குனிந்தேன். வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஸ்கேனில் கட்டி தொடைவரை ஏறியிருந்தது. வயிற்றில் ஊசி போட்டார்கள். ரத்தம் மேலும் உறையாமலிருக்க மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது என்றார்கள்.

"காலைத் தேய்ச்சு விடலையே?" என்று டாக்டரம்மா இரண்டு முறை கேட்டார்.

"இல்லை."

"நல்ல வேளை. தேய்ச்சிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும்."

மகள் பிழைத்தாள். இன்று நன்றாக இருக்கிறாள். அன்று தூக்கத்தில் என்ன பேசினாள் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ரத்த உறவுகள் எல்லாருக்கும் தகவல் சொல்லுங்கள், கர்ப்பமாக இருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. காலமான என் அண்ணனின் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பம். மறுநாள் காலை 8 மணிக்கு அவளை அழைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"தெரியும் சித்தப்பா" என்றாள். "நேத்து சாயங்காலமே போய்க் காட்டிட்டேன். எனக்கும் மூணு நாளா கால்ல வலி. ரத்தம் கட்டியிருக்காம். ஊசி ஆரம்பிச்சுட்டாங்க. அத்தை மட்டும் சொல்லலன்னா நான் பாட்டுக்கு மாசமா இருந்தா அப்படித்தான்னு விட்டிருப்பேன்."

"எந்த அத்தை?"

"உங்க தங்கச்சின்னு சொன்னாங்களே. குரல் என்னைவிடச் சின்னப் பொண்ணு மாதிரி இருந்துச்சு. ஆனா வாய் நிறைய 'மருமகளே, மருமகளே'ன்னு கூப்பிட்டாங்க. எந்தக் கால், எந்த இடம், டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்... எல்லாம் சொன்னாங்க. எனக்கு ஒரு அத்தை இருக்காங்கன்னு அப்பா ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே சித்தப்பா?"

குறிப்பேட்டை எடுத்தேன்.

"எத்தனை மணிக்குக் கூப்பிட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

"இருங்க, பாத்துச் சொல்றேன்... மூணு ரெண்டு. ஒன்பது நிமிஷம் பேசியிருக்காங்க. நான் திரும்பக் கூப்பிட்டப்போ ஒரு நர்ஸ் எடுத்து, ஆஸ்பத்திரி ரெண்டாம் மாடின்னாங்க. அத்தை அங்கதான் வேலை பாக்கறாங்களா?"

நேராக அந்த மேசைக்குப் போனேன். அதே நர்ஸ்தான் இருந்தார். மேசைமேல் ஒரே ஒரு தொலைபேசி. நேற்று மூன்று மணிக்கு இதிலிருந்து வெளியூருக்கு யார் பேசியது என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரும் பேசலய்யா. டாக்டரைக் கூப்பிடணும், கையை எடுங்கன்னு நான் எத்தனை தடவை சொன்னேன். நீங்க காதுல வாங்கவே இல்ல. அதனாலதான் என் செல்லுல கூப்பிட்டேன். பத்து நிமிஷம் ரிசீவரை யாரையும் எடுக்க விடாம, அது மேல கையை அழுத்தி வச்சுக்கிட்டு நின்னது நீங்கதான்."