தண்ணீர் மாத்திரைக்கு முழு மதிப்பெண்

மருத்துவ மாணவர்களுக்கு நோயாளியிடம் பேசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பேசுவதற்குமா ஒரு வாத்தியார் என்று சிரிப்பவர்கள் ஒரு நாள் என் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி மாத்திரை உடம்புக்குள் போய் என்னென்ன செய்யும் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். எதிரே இருப்பவரிடம் அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று சொல்ல மட்டும் மறந்துவிடுவாள். பல வருடம் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்று அலுத்துப்போய், மலேசியாவில் பூச்சோங் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இந்த வேலைக்கு வந்தேன்.

முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், எந்தத் தமிழ் நோயாளியிடமும் "புரிஞ்சதா?" என்று கேட்காதீர்கள் என்று. "புரிஞ்சது டாக்டர்" என்றுதான் பதில் வரும். டாக்டர் முகம் கோணக்கூடாது என்பதற்காகவே நம் ஆட்கள் தலையாட்டுவார்கள். அதனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். என்ன மாத்திரை, எதற்கு, எப்போது, மறந்துபோனால் என்ன செய்வது. நான்கையும் அவர் தன் வாயால் சொல்லிவிட்டால் தாளில் டிக் அடிக்கலாம். அந்தத் தாளை எழுதியவள் நான். அதை வைத்து நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பயிற்சிக்குத் தமிழ் பேசும் நோயாளிகள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. நோயாளியாக நடிக்கக் கல்லூரி அனுப்பியவர்கள் மேடை நாடகம் போல இருமிக்காட்டினார்கள். எரிச்சலில் கிள்ளானில் இருந்த என் அண்ணனைக் கூப்பிட்டேன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். இருதயம் பலவீனம் என்று அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். "நடிக்க வேணாம்ணே, ஒங்க மாத்திரையப் பத்தியே பேசுங்க" என்றேன்.

லீவு நாளில், இஸ்திரி போட்ட, பூ அச்சடித்த பாத்தேக் சட்டையோடு வந்து இறங்கினார். மாணவர்களுக்கு முதல் நாளே அவரைப் பிடித்துவிட்டது. "அங்கிள், மாத்திரைய எப்படி சாப்பிடணும்னு சொல்லுங்க" என்று ஒருத்தி கேட்டதும் ஆரம்பித்தார்.

"இது தண்ணி மாத்திரைம்மா. ஒடம்புல தேங்குற தண்ணிய எறக்கி இருதயத்துக்குப் பாரத்தக் கொறைக்கும். காலையில பசியாறுன பெறகு ஒன்னு. மறந்துட்டா மறுநாளு ரெண்டா சேத்துப் போடக்கூடாது. கால் வீங்குனா கிளினிக்குக்கு ஓடணும் லா."

மூன்று வருடம் இப்படியே போனது. மாணவி திக்கினால் அவரே எடுத்துக்கொடுப்பார்: "அடுத்து, மறந்தா என்ன செய்வீங்கன்னு கேளும்மா." பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மற்ற ஆசிரியர்களிடம் என் அண்ணனைப் போல நோயாளி உண்டா என்று பீற்றிக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாழை இலைச் சாப்பாடு. உப்பு அதிகம் என்று அப்பளத்தை என் இலைக்குத் தள்ளிவிடுவார். இவ்வளவு ஒழுங்கான மனுஷனா என்று எனக்குப் பூரிப்பாக இருக்கும்.

இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அண்ணி போன் செய்து அழுதார். துறைமுக வாசலில் லோரி வரிசையில் நின்றபோது அண்ணனுக்கு மூச்சு அடைத்திருக்கிறது. பின்னால் நின்ற லோரிக்காரர்கள் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். நான் போனபோது மூக்கில் ஆக்சிஜன் குழாய். கால்கள் முழங்கால் வரை வீங்கியிருந்தன. நுரையீரல் முழுக்க நீர் என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் வார்டு டாக்டரிடம் சத்தம் போட்டேன். மருந்தை எப்படிச் சாப்பிடுவதென்று கிளினிக்கில் யாராவது இவருக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன். அவர் கிளினிக் குறிப்புகளைத் திருப்பிக் காட்டினார். கடைசி மூன்று முறையும் ஒரே வரி: மருந்துகளைத் தெளிவாகத் திருப்பிச் சொல்கிறார், ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்.

மாலையில் அவரோடு வேலை செய்யும் ஒருவர், லோரியில் கிடந்த அண்ணனின் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். துண்டு, பல் விளக்கும் பிரஷ், அடியில் ரப்பர் போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள். எல்லாம் தண்ணீர் மாத்திரை. பெரும்பாலானவை பிரிக்கப்படவே இல்லை.

மறுநாள் அவருக்குக் கொஞ்சம் மூச்சு சீரானதும் அட்டைகளைக் கட்டிலில் வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"லீவு நாள்ல போடுவேன்" என்றார்.

"மத்த நாளு?"

"அதப் போட்டா அர மணிக்கொரு தரம் முட்டுது. போர்ட்ல வரிசைல நின்னா நாலு மணி நேரம். எறங்குனா எடம் போயிரும். போத்தல வச்சிக்கிட்டுக் குந்தச் சொல்றியா, இந்த வயசுல?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீ எப்படி சாப்பிடணும்னுதான கேக்கச் சொல்லிக்கொடுத்த. சாப்பிடுறியான்னு ஒரு புள்ளையும் கேக்கலையே. நீயும்தான் கேக்கல. அந்தப் புள்ளைங்க முன்னாடி நானா போயி ஒன்னுக்குக் கதைய சொல்லுவேன்?"

அந்த மாத்திரையைக் காலையில்தான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. வேலை முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் போட்டிருக்கலாம். தூங்கப் போவதற்குள் எல்லாம் அடங்கியிருக்கும். கவுண்டரில் நின்ற காலத்தில் டாக்ஸிக்காரர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் டாக்டரிடம் பேசி நானே அப்படி மாற்றிக்கொடுத்திருக்கிறேன். என் கூடப் பிறந்தவர் மூன்று வருடம் என் முன்னால் உட்கார்ந்து "காலையில ஒன்னு" என்று சொன்னபோது, சரியான பதில் என்று டிக் அடித்துக்கொண்டிருந்தேன். எந்த டாக்டரும் மேற்கொண்டு கேள்வி கேட்காதபடி பதில் சொல்ல அவரைப் பழக்கியதும் நான்தான். கிளினிக்கில் அவர் என் வகுப்பைத்தான் நடத்தியிருக்கிறார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்துகளை விளக்க வந்த பயிற்சி மருத்துவர் என் பழைய மாணவி. அண்ணனையும் அவளுக்குத் தெரியும். "அங்கிள்!" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் தாளில் உள்ள வரிசைப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் இரைத்துக்கொண்டே பிசகாமல் சொன்னார். நான் குறுக்கே புகுந்தேன்.

"தண்ணி மாத்திரைய மட்டும் சாயங்காலம் நாலு மணின்னு மாத்தி எழுதும்மா. காலையில லோரி ஓட்டுறவரு. வேல முடிஞ்சு வந்து போட்டுக்குவாரு."

அவள் அண்ணனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்தபடியே குரலைத் தாழ்த்தி, மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், அங்கிள் இனிமே லோரி ஓட்ட முடியாது. ஹார்ட் ரொம்ப வீக். ஸ்பெஷலிஸ்ட் லெட்டர் எழுதிட்டாரு. வீட்லதான இருப்பாரு, காலையிலயே போடட்டும்."

அண்ணன் தலையாட்டினார்.

"புரிஞ்சது டாக்டர்" என்றார்.