எண்ணூரில் நாற்பது லட்சத்து முறுக்கு

போன சனிக்கிழமை எண்ணூருக்கு ஓடியதற்குக் காரணம், என் வாய்க்கொழுப்பு. பிறந்து வளர்ந்த ஊர் அது. சென்னைக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் கடைத்தெருவுக்குப் போனால்கூட "மெட்ராசுக்குப் போறோம்" என்போம். ஞாயிறு காலை படகுக் கயிறு இழுத்து, கூலியாக வாங்கிய மீனை அம்மாவிடம் நீட்டிய சந்தோஷம் வேறெந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கடற்கரையில் எவர்சில்வரில் முறுக்கு மாதிரி ஒரு சிலை வைத்தார்கள் மாநகராட்சிக்காரர்கள். பெயர் 'அலையின் மௌனம்'. நாற்பது லட்சமாம். வயிறு எரிந்து, வலை காயவைக்கும் இடத்தை அது அடைத்துவிட்டது, அகற்றுங்கள் என்று, இப்போது குடியிருக்கும் திருச்சியிலிருந்தே மனு எழுதி அனுப்பினேன். குப்பமே கையெழுத்துப் போட்டது.

வெள்ளிக்கிழமை பால்ய நண்பன் தேசிங்கு போன் செய்தான். "மாமு, உன் மனு வேலை செஞ்சிடுச்சி. திங்கக்கெழம கிரேன் வருதாம். நாளைக்கு இன்ஜினியரம்மா பாக்க வராங்கோ. நீயே வந்து செலய எடுக்க வேணாம்னு சொல்லு."

ராத்திரி பஸ்ஸில் சென்னை. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில், ஐந்து ரூபாய். பேசின் பிரிட்ஜ் வழியாக முக்கால் மணி நேரம். ஷேர் ஆட்டோ இருபது. காலை ஆறரைக்குக் கரையில் நின்றேன்.

விஷயம் இதுதான். கடலிலிருந்து பார்க்கும்போது மாதா கோயில் சிலுவையும் பழைய அனல்மின் நிலையப் புகைபோக்கியும் ஒரே நேர்கோட்டில் வந்தால், கீழே மீன் அடையும் பாறை. புகைபோக்கியை இடித்த பிறகு தேசிங்கு மாதக்கணக்கில் வெறும் வலையோடு திரும்பினான். சிலை வந்தது அதே நேர்கோட்டில். காலை வெயிலில் அது பளிச்சென்று மின்னுவது, மனு போன பிறகுதான் அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

இன்ஜினியர் அம்மாவிடம் எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. "படகுல ஏறு தாயி, இன்னா கீதுன்னு நீயே பாரு" என்றான் தேசிங்கு. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார். சிலையும் சிலுவையும் நேராக வந்த இடத்தில் வலை இறங்கியது. சங்கரா சங்கராவாக ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"அகற்றணும்னு எழுதினது யாரு?" என்று கேட்டார் அவர்.

"நான்தாங்க."

பேனாவை நீட்டினார். ஆடும் படகிலேயே மறுமனு எழுதினேன்.

போகிறவர்கள் ஏழு மணிக்குள் போங்கள். வெயில் ஏறினால் மணல் சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். திங்கட்கிழமை கிரேன் வரவில்லை. நாற்பது லட்சம் அநியாயம் என்று இப்போதும் சொல்வேன். தேசிங்கு காதுபட நீங்கள் சொல்லிவிடாதீர்கள், சிலையைச் சுற்றி வலை காயப்போட்டு, அதன் நிழலில்தான் படுத்திருப்பான்.