திறந்து காட்டக்கூடிய லப்டொப்

வவுனியாச் சந்தையில் எத்தனை மூட்டை குவிந்து கிடந்தாலும் சிவலட்சுமியின் மூட்டையை நான் கண்டுபிடித்துவிடுவேன். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் அதன் வாய் முழுக்கத் திறந்துகொள்ளும். மற்ற நுனியை இழுத்தால் மூடிக்கொள்ளும். அவள் நெளுக்குளத்திலிருந்து கத்தரிக்காயும் பயிற்றங்காயும் கொண்டு வருகிறவள். வரும் வழியில் ஆமியின் சோதனைச் சாவடி. மற்றப் பெண்கள் முடிச்சை நகத்தால் கிள்ளிக்கொண்டு நிற்க, பின்னால் வரிசை முணுமுணுக்கும். சிவலட்சுமி மட்டும் ஒரே இழுவையில் திறந்து காட்டி, மறு இழுவையில் மூடிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் சந்தைக்கு வந்து நல்ல இடத்தையும் பிடித்துவிடுவாள்.

நான் கைருன்னிஸா. அவளுக்குப் பக்கத்தில் கருவாடு விற்கிறவள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவை விட்டு வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் கடைசியில் வவுனியாவில் ஒதுங்கிய குடும்பம் எங்களுடையது. அவள் அதற்கும் முந்தி, எழுபத்தேழுக் கலவரத்தில், மலைநாட்டிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவள். எங்களைப் போலவே கதைப்பாள். கோபம் வந்தால் மட்டும் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பேச்சு வந்துவிடும். அவளுடைய காய்கறித் தோட்டத்தைப் புருஷன் வீரகத்தி பார்த்துக்கொள்வார். மிச்ச உலகத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே மகள் ராஜினி. 2001இல் ராஜினிக்குக் கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகமொன்றில் கொம்பியூட்டர் படிக்க இடம் கிடைத்தது. சிவலட்சுமி அதைச் சந்தையில் யாருக்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிடி பயிற்றங்காய் கூடப் போட்டாள், அவ்வளவுதான். நான் விடுவேனா? ஊர் முழுக்க நானே சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படிக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு கொம்பியூட்டர் வேண்டும் என்றதும் அவர்களை என் தங்கை மகன் றிஃபாத்திடம் கூட்டிப்போனேன். ரேடியோ திருத்துகிற கடை. கொழும்பிலிருந்து பாவித்த கொம்பியூட்டர்களும் எடுத்து விற்பான். சீட்டு எடுத்த காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சிவலட்சுமி வந்தாள். அந்த முடிச்சும் ஒரு இழுவையில் அவிழும்.

றிஃபாத் முதலில் மேசையில் வைக்கிற பெரியதொன்றைக் காட்டினான். அவள் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள்.

"தம்பி, இதை எப்பிடித் திறக்கிறது?"

"திறக்கத் தேவையில்லை அக்கா. பழுதானா நான் வந்து திறப்பன்."

"செக்பொயின்ற்றில உள்ளுக்க என்ன இருக்குது எண்டு கேட்டா?"

"அதுக்கு ஸ்குறூட்ரைவர் வேணும்."

"பிறகு ஸ்குறூட்ரைவருக்கு ஒரு கதை சொல்ல வேணும். வேண்டாம் ராசா."

அடுத்து இரண்டு லப்டொப் வந்தன. ஒன்று மெல்லியது, பளபளவென்று இருந்தது. ராஜினி அதைத் தட்டிப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. வேகமானது, இடமும் நிறைய இருக்கிறது என்றாள். ஒரே குறை, அதன் பற்றறி செத்துப்போயிருந்தது. சுவரில் செருகினால்தான் உயிர் வரும். மற்றது அம்மிக் கல்லைப் போல் தடித்தது. எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. ஆனால் பற்றறி நல்லது.

சிவலட்சுமி இரண்டையும் சுவரிலிருந்து கழற்றச் சொன்னாள். பிறகு இரண்டையும் திறக்கச் சொன்னாள். பளபளப்பானது கறுப்பாகவே கிடந்தது. தடித்ததில் வெளிச்சம் வந்தது.

"இதைத் தாங்கோ," என்றாள்.

ராஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, இது ஆமை வேகம். நான் படிக்கிறதுக்கு வாங்குறனா, செக்பொயின்ற்றில காட்டுறதுக்கு வாங்குறனா?"

"காட்டினாத்தானே புள்ள படிக்கப் போவ. வழியில எத்தன எடத்துல எறக்கிப் பாப்பாங்கன்னு தெரியுமா ஒனக்கு? இருட்டுப் பொட்டியத் தூக்கிட்டுப் போய் என்னான்னு சொல்லுவ?"

லயத்துப் பேச்சு வந்துவிட்டது. அதற்கு மேல் யார் கதைப்பது? எனக்கென்னவோ மகள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. ஆனால் சாவடியை நினைத்ததும் நானும் தாய் சொன்னதற்கே தலையாட்டினேன். ராஜினி அந்தத் தடித்ததைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் சிவலட்சுமி மாவுச் சாக்குத் துணியில் அதற்கொரு பை தைத்தாள். கயிறு கோத்து, ஒரு இழுவையில் திறக்கிற மாதிரி. அவர்கள் வீட்டில் கரண்ட் இல்லை. அதனால் பயணத்துக்கு முதல் நாள் றிஃபாத்தின் கடையில் பற்றறியை நிரப்பிக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் நெளுக்குளமே அவள் முற்றத்துக்கு வந்துவிட்டது. பயணம் சொல்ல வந்த சாக்கில் எல்லோரும் அதைப் பார்க்க வந்தார்கள். ராஜினி உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். சிவலட்சுமி அவளைக் கூப்பிடவில்லை. பையை இழுத்துத் திறப்பாள், மூடியைத் தூக்குவாள், மகள் காட்டிக்கொடுத்த பொத்தானை அமத்துவாள். வெளிச்சம் வரும். சனம் வாயைப் பிளக்கும். மூடியைச் சாத்தி, பையைச் சுருக்கி வைத்துவிட்டு அடுத்த ஆள் வரும்வரை பார்த்திருப்பாள். சாத்தினால் அணைந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எந்த மூட்டையும் மூடினால் மூடினதுதானே. அந்தக் கிழட்டு லப்டொப்போ பைக்குள் விழித்துக்கொண்டே கிடந்திருக்கிறது.

காலையில் வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். வவுனியாவை விட்டு வெளியே போகத் தாய்க்கும் மகளுக்கும் பாஸ் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மேசைக் காற்றாடி, அதற்கு முன்னால் வியர்வை வழிய ஒரு அதிகாரி. எங்கள் முறை வந்ததும் சிவலட்சுமி நிமிர்ந்து நின்றாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே அதை வாங்கினாள். கயிற்றை இழுத்தாள். பை திறந்தது. மூடியைத் தூக்கினாள். பொத்தானை அமத்தினாள்.

ஒன்றுமில்லை.

திரும்ப அமத்தினாள். கறுப்பாகவே இருந்தது. அதிகாரி லப்டொப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது வேலை இல்லையா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"வேலை செய்யும் ஐயா. நேத்து முழுக்க வேலை செஞ்சது."

இயங்கிக் காட்டாத சாமானை விட முடியாது, வைத்துவிட்டுப் போகலாம் என்று அவர் கையால் காட்டினார். உள்ளே கொழும்புக்குப் போகிற கோச்சி கூவியது. மறுநாள் ராஜினி பதிவுக்குப் போயாக வேண்டும். சிவலட்சுமியின் கை இன்னும் அந்தப் பொத்தானில்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் சாவடியொன்றில் அவள் இப்படி விழித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்ததில்லை.

"என்ர பிழைதான் அக்கா," என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். "ஊருக்கெல்லாம் காட்டிப்போட்டு, காட்ட வேண்டிய இடத்தில காட்ட ஏலாமப் போச்சு."

ராஜினி தாயின் கையை எடுத்து அப்பால் வைத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த தெத்துச் சிங்களத்தில் அதிகாரியிடம் ஏதோ கேட்டாள். அவர் புருவத்தை உயர்த்தினார். அவள் கூசவில்லை. திரும்பவும் கேட்டாள், இந்தத் தடவை காற்றாடியைக் கையால் காட்டி.

என்ன கேட்டாளென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உங்கள் காற்றாடியைக் கொஞ்சம் கழற்றுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த இடத்தில் கேள்வி கேட்கிறது அவர்கள். பதில் சொல்கிறதும் திறந்து காட்டுகிறதும் நாங்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்கலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் இவ்வளவு காலமும் தோன்றியதில்லை.

அதிகாரி குனிந்து காற்றாடியின் வயரைத் தானே கழற்றினார். ராஜினி தன்னுடைய வயரைச் செருகினாள். அது கட்டையான வயர், மேசையின் இந்தப் பக்கத்துக்கு எட்டவில்லை. அவர் எழுந்து ஒதுங்கித் தன் கதிரையைக் காட்டினார். ராஜினி சுற்றிப் போய் அதில் உட்கார்ந்தாள்.

லப்டொப் முனகிக்கொண்டு மெதுவாக விழித்தது. ஆமைதான். ஆனாலும் வெளிச்சம் வந்தது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு ஏதேதோ கேட்டார். அவள் தட்டித் தட்டிக் காட்டினாள். தன்னுடைய மகளும் அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்துக்குச் சோதனை எழுதுகிறாள் என்று அவர் சொன்னதாகப் பிறகு ராஜினி சொன்னாள்.

நான் சிவலட்சுமியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் லப்டொப்பைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தையும் பார்க்கவில்லை. மகள் இருந்த கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் பை இன்னும் அவள் கையில் வாயைத் திறந்தபடி தொங்கியது.

"கைருன்னிஸாக்கா," என்றாள். கண் நிறைந்திருந்தது. "பாத்தீங்களோ, நான் எவ்வளவு காலமா நிண்டுகொண்டு காட்டினனான். என்ர பிள்ளை கதிரையில இருந்துகொண்டு காட்டுறாள்."