முன்னால் நிற்கும் மூடி

என் பையன் மேசையில் குட்டிப் பூத பொம்மைகளுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். பகடை உருட்டி ஆடும் ஃபுட்பாலுக்கு முதல் டீம் சேர்க்கிறான். ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டினான். "இவன் முன்னாடி நின்னு அடி வாங்கறதுக்கும்மா. செத்தா வேற ஆள் எடுத்துக்கலாம்."

பெயிண்ட் வாசனை என்னை ராயபுரத்து வீட்டுக்கே இழுத்துப்போனது.

நைனா, என் அப்பா, ஹார்பரில் மேஸ்திரி. மூட்டைக்கு மார்க் போடும் சிவப்பு பெயிண்டைக் கொண்டுவந்து, சோடா மூடிகளில் தனக்குக் கீழே மூட்டை தூக்கும் ஆட்களின் பேரை எழுதி, எங்களோடு தரையில் ஃபுட்பால் ஆடுவார். அந்த ஆட்களில் ஒருவரான ஏசுதாஸ் மாமாவின் மூடிதான் எப்போதும் முன்னால். "அவனுக்கு இன்னா, பொண்டாட்டியா புள்ளையா? அடி வாங்கட்டும்." வேலையிலும் கிரேன் கொக்கிக்கு அடியில் அவரைத்தான் நிறுத்துவார்.

ஒருநாள் கொக்கியின் கயிறு அறுந்து மூட்டைகள் மாமா மேலே விழுந்தன. மாமாவை அடக்கம் செய்துவிட்டு வந்த நைனா குளித்தார், கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் மாமாவின் பேரைத் துடைத்துவிட்டு, அதே மூடியில் புது ஆளின் பேரை எழுதினார். நான் அழுதேன்.

"மூடி நல்லாத்தான கீது, இன்னாத்துக்கு அழுவுற?"

"ம்மா, அடி வாங்கறவனுக்கு ஒரு பேரு சொல்லேன்" என்றான் பையன்.

என் நைனாவின் பேரைச் சொன்னேன்.