ஐந்நூறு மத்தி மீன்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர் ராஜமாணிக்கம். கல்யாண வீடுகளில் லைட் பிடித்தார், கேமரா தூக்கினார், பிறகு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்தமாக வீடியோ கடை போட்டார். கம்ப்யூட்டரில் படங்களை ஆடவும் ஓடவும் வைக்கிற வேலையை, ஒருத்தனிடமும் கைகட்டி நிற்காமல், தானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டார். அறுபது வயதில் இந்த ஊரில் வேறு எவன் செய்வான்? இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். இருக்கிறதைச் சொல்ல என்ன கூச்சம்?

அப்பேர்ப்பட்டவர் வயிற்றில் நெருப்பு வைத்தது மச்சான் செம்பியன் செய்த பூ.

செம்பியன் அவர் மனைவி சௌந்தரத்தின் தம்பி. சிதம்பரத்தில் அவனுக்கும் இதே தொழில்தான். அங்கே ஒரு மாலைக் கடைக்கு அவன் செய்த விளம்பரத்தில் இருநூறு மல்லிகை கொட்டியது. ஒரு பூ விழுந்த மாதிரி இன்னொரு பூ விழவில்லை. ஒன்று சுழன்றது, ஒன்று தயங்கியது, ஒன்று கடைசி நேரத்தில் ஒதுங்கிப் போய் விழுந்தது. கடலூர் வரைக்கும் எல்லார் செல்போனிலும் அதே பூ.

சௌந்தரம் அதை ஏழாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, ஒவ்வொண்ணும் அதது இஷ்டத்துக்கு விழுது பாருங்க. என் தம்பிக்கு என்னா பொறுமை!”

“பூன்னா விழத்தான் செய்யும். மேல போனாத்தான் அதிசயம்” என்றார் ராஜமாணிக்கம். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே செல்லாயி கடைக்கு வந்து நின்றாள். தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் எடுக்கிறவள். டவுனில் புதுசாக மீன் கடை திறக்கப் போகிறாள்.

“அண்ணே, தொறப்பு விழாவுக்கு வாசல்ல பெரிய ஸ்கிரீன் வெக்கிறேன். ஒங்க மச்சான் பூ கொட்டுனாரே, அதுமாரி எனக்கு மீனு ஓடணும். பத்து நாள்தான் இருக்கு. ஆவாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, சிதம்பரத்துக்கே போறேன்.”

“அவன் இருநூறு பூதானே வுட்டான்? நான் ஐந்நூறு மீன் வுடுறேன்” என்றார் ராஜமாணிக்கம்.

ஒரு மத்தி மீனை வரைந்து ஐந்நூறாகப் பெருக்கினார். ஓட்டிப் பார்த்தால் அத்தனையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, யாரோ பாயை இழுக்கிற மாதிரி நகர்ந்தது. சரி என்று ஒவ்வொரு மீனையும் தனித்தனி லேயராக, அடுக்கடுக்காகப் பிரித்தார். இந்த மீன் எப்போது கிளம்பணும், எங்கே வளையணும், எப்போது வாலை அடிக்கணும் என்று ஒவ்வொன்றுக்கும் கையாலேயே குறித்துக்கொண்டு போனார். ஆறு நாளில் நூற்று நாற்பது மீன் முடிந்தது. வேறொருத்தனாக இருந்தால் இருபதிலேயே எழுந்து ஓடியிருப்பான். ஆனால் மிச்சம் இருந்தது நாலே நாள். அந்தப் பயலால் மட்டும் எப்படி முடிந்தது?

ஏழாம் நாள் காலையில் ஒரு பொட்டலம் கருவாட்டை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். “ஒங்கக்கா குடுத்தனுப்புனா மச்சான்” என்று உள்ளே நுழைந்தார். கண் மட்டும் ஸ்கிரீனில் இருந்தது. அங்கே மல்லிகை கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கேட்காமலே செம்பியன் சொன்னான். “ஒரு பூவத்தான் மாமா கையால செஞ்சேன். மத்தத எல்லாம் கம்ப்யூட்டருக்கு எழுதிக் குடுத்த இந்த ஒரு வரி பாத்துக்குது. அதது நம்பருக்குத் தக்கன கொஞ்சம் லேட்டா கெளம்பும், தன் இஷ்டத்துக்குச் சுத்தும். மொத்தம் அரை மணி நேர வேல.”

“தெரியும், தெரியும். அதெல்லாம் நான் எப்பவோ செஞ்சு பாத்து வுட்டாச்சு” என்றார் ராஜமாணிக்கம்.

செம்பியன் காபி வாங்கப் போன நேரத்தில் அந்த வரியைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ் முழுக்க அந்த அரை மணி நேரம்தான் அவரைக் குடைந்தது. ஆறு நாள் எங்கே, அரை மணி நேரம் எங்கே!

வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தார். அர்த்தம் தெரியாவிட்டால் என்ன, ஐந்நூறு மீனும் ஓடிற்று, வளைந்தது, சுழன்றது. இருநூறை ஐந்நூறு ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் உடனே செல்லாயியைக் கூப்பிட்டார்.

வந்து பார்த்தவள் முகம் கோணியது.

“என்னாண்ணே இது, வயித்த மேல காட்டிக்கிட்டு வருது?”

ராஜமாணிக்கம் அப்போதுதான் பார்த்தார். பூ சுற்றுகிற மாதிரி மீனும் முழு வட்டம் சுற்றியது. பாதி மீன்கள் வெள்ளை வயிற்றைத் திருப்பிக்கொண்டு மிதந்தன.

“வயிறு மேல வந்தா செத்த மீனுண்ணே. இத வாசல்ல ஓட்டுனா, செல்லாயி அழுகுன மீன விக்கிறான்னு ஊரே கைகொட்டிச் சிரிக்கும். நாளைக்கிக் காத்தால சரியா வரலன்னா நான் ஒங்க மச்சான்கிட்ட போறேன்.”

கடலூரில் பிறந்தவன் கண்ணுக்கு இது படாமல் போகுமா? அவர் மீனைப் பார்த்தால்தானே! மச்சானை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். சௌந்தரம் அதைப் பிடுங்கி நம்பரை அழுத்தினாள். “தம்பி, மாமா என்னமோ கேக்கணுமாம்” என்று கையில் திணித்தாள். மீன் புரண்டுகொள்வதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது.

“அந்த வரியில முந்நூத்தறுபதுன்னு ஒரு நம்பர் இருக்கும் மாமா. அத எட்டுன்னு மாத்துங்க. முழுசாப் பொரளாது, லேசா தலைய ஆட்டிக்கிட்டு ஓடும்.”

வரி உங்களிடம் எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

திறப்பு விழாவில் ஐந்நூறு மத்தியும் நிஜக் கூட்டமாக வளைந்து ஓடியது. சனம் ரோட்டை மறித்து நின்று பார்த்தது. செம்பியனும் வந்திருந்தான். “எல்லாம் எங்க ராஜமாணிக்கம் அண்ணன் கைவேல” என்று செல்லாயி சத்தமாகச் சொன்னாள்.

“ஐந்நூறு! நான் இருநூறோட நின்னுட்டேன் மாமா” என்றான் செம்பியன்.

கேலி செய்கிறானா என்று ராஜமாணிக்கம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி இல்லை. அது இன்னும் எரிந்தது.

“அடுத்தாப்புல எறா வுடணும்ணே. ஆயிரம் எறா! நெச எறா மாரி பின்பக்கமாவே துள்ளித் துள்ளிப் போவணும்” என்றாள் செல்லாயி.

“வுட்டுடலாம்!” என்றார் ராஜமாணிக்கம், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரலில். அப்படியே மச்சானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்கே கெளம்ப என்னா அவசரம்? ரெண்டு நாள் தங்கிட்டுப் போ. ஒங்கக்காதான் ரொம்ப ஆசப்படுறா.”

பக்கத்தில் நின்ற சௌந்தரம் சிரிப்பு வந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.