முதல் ரசீதுக்காரம்மா

என் கணவர் பாஸ்டர். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் சபை. அவர் ஓய்வு பெறுவதற்குள் அவருடைய பிரசங்கங்களைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று சபையார் ஒற்றைக் காலில் நின்றார்கள். சபையிடம் அதற்குப் பணமில்லை. ஆளாளுக்கு முன்பணம் கட்டி அச்சடிப்பது, கட்டியவர்கள் பெயரைக் கடைசிப் பக்கத்தில் போடுவது என்று முடிவானது. முதல் ரசீது, நொச்சிக்குப்பம் சாலையோரம் குடை நட்டு மீன் விற்கும் அம்மாவுக்கு. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டுகளை நீட்டினார்.

புத்தகக் கட்டுகள் வந்து இறங்கிய அன்று ஒன்றைப் பிரித்துப் புரட்டினேன். நடுவில் அந்தப் பிரசங்கமும் இருந்தது.

"நம் சபையிலேயே ஒரு தாய், குடிகார மகனுக்காக ஒயின்ஷாப் வாசலில் உச்சி வெயிலில் குடை பிடித்து நின்றாள். அவனைத் திட்டவில்லை. வெளியே வந்தவன் தலைக்குமேல் குடையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள்."

இதை இவர் அன்று சொன்னபோது சபை மொத்தமும் மீன்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தது. வெயிலும் குடையும் என்றால் அவருடைய மீன்கடைதானே எல்லோருக்கும் ஞாபகம் வரும்! அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் நின்றவள் நான். குடித்தவன் எங்கள் மகன். அப்போது அவன் சிகிச்சையில் இருந்தான். வாய் திறக்க எனக்குத் துணிவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பேச்சு காற்றோடு போயிற்று என்றிருந்தேன். இப்போது அச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மீன்காரம்மாவின் மகன் ஆட்டோ ஓட்டுகிறான், பீடிகூடத் தொடாதவன். அதை நம்பித்தான் பெண் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்வீட்டார் ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீட்டுக்கு வருகிறார்கள்.

"ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார் இவர். ஆண்டவர் பார்ப்பது இருக்கட்டும், பெண்வீட்டார் பார்த்தால்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அமைத்தவன், குடியை விட்டுத் திரும்பிய என் மகன்தான். அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கவும் எனக்குப் பயம். எதையாவது கிளறப்போய், மறுபடி குடிக்கப் போய்விட்டால்?

சனிக்கிழமை காலை நொச்சிக்குப்பம் போனேன்.

"இன்னா பாஸ்டரம்மா, வஞ்சிரமா?"

புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, மென்று விழுங்கி உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்மா. நான் கூடையோட அந்தப் பக்கமா வரச்சொல்ல, நீ அந்தக் கட வாசல்ல நின்னுக்கினு இருந்தத பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"பின்ன? நடுக் கூட்டத்துல எழுந்து, அது நானில்ல, பாஸ்டரம்மான்னு கூவச் சொல்றியா?" என்று சிரித்தார். பிறகு மீன் வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "ஆனா பொண்ணு ஊட்டுக்காரங்கள நெனச்சாதான் பயமா கீதும்மா."

சபையில் உண்மையைச் சொல்லிவிடு என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வீடு திரும்பி, சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், முதல் பிரதி முதல் ரசீதுக்கே என்று மீன்காரம்மாவை முன்னே அழைத்தார்கள். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சபை மூப்பர் மைக்கைப் பிடித்தார். நல்ல மனுஷர்தான், வாய்க்குத்தான் பூட்டே கிடையாது.

"ஐயா பிரசங்கத்துல வர்ற குடை புடிச்ச தாய் யாரு தெரியுமா? இந்த சகோதரிதான்! அல்லேலூயா!"

பெண்ணின் அம்மா சடக்கென்று ஆட்டோக்காரப் பையனைத் திரும்பிப் பார்த்தார். அவன் முகம் செத்துப்போயிற்று. மேடையில் என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஐயோ ஆண்டவரே, இப்போது சொல்ல வேண்டியவள் நான்தானே!

"அது அவங்க இல்ல."

பின்னாலிருந்து குரல். ஸ்பீக்கர் பெட்டியருகே என் மகன் நின்றுகொண்டிருந்தான். கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான்.

"அது எங்கம்மா. அந்தக் குடிகாரன் நான்தான்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. மீன்காரம்மா மூப்பர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"சரி நைனா, குந்து. உங்கம்மா நின்னுக்கினே கீது பாரு."

அப்போதுதான் கவனித்தேன், நான் எழுந்து நின்றிருந்தேன்.